கேட்காமல் சொன்ன பதில்

டாக்டர் என் அண்ணியிடம் கேட்கச் சொன்ன ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்காமலே, இல்லை என்று நானே பதில் சொன்னேன். பத்து வருடங்களுக்கு முந்திய ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் அது. கேள்விக்கும் பதிலுக்கும் சேர்த்து அரை நிமிடம்கூடப் போயிருக்காது. அதற்குப் பிறகு மூன்றாவது வாரத்திலிருந்து அண்ணி எழுந்து நடந்ததில்லை.

இதை எழுத உட்கார்ந்தபோது முதலில் வேறு மாதிரித்தான் தொடங்கினேன். மனிதராகப் பிறந்த யாருக்கும் வலி தப்பாது, எந்த வழியிலாவது வந்து சேரும் என்று ஒரு பக்கம் எழுதினேன். எழுதியது பொய்யில்லை. எழுபத்திரண்டு வயதில், சட்டைத் துணி பட்டாலே ஒரு பக்க நெஞ்சு துடிக்கிற நான் அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பெரிய உண்மைக்குப் பின்னால்தான் நான் எட்டு வருடம் ஒளிந்திருந்தேன். வயதானால் முதுகு போகும், நாற்பது வருடம் கூடை சுமந்தால் கால் போகும், யார் என்ன செய்வது என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அண்ணி என்பது என் மூத்த அண்ணனின் மனைவி. வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு அவர் கலியாணமாகி வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது, அவருக்குப் பதினேழு. சில வருடம் கழித்து அண்ணன் என்னைத் தோட்ட வேலைக்குப் பேர் பதியச் சொன்னபோது அண்ணிதான் குறுக்கே நின்றார். "ஒரு ஆளாவது இந்த மலைய விட்டு எறங்கட்டும்" என்றார். நான் இறங்கினேன். கண்டியில் படித்தேன், சிங்களத்தைச் சிங்களவர் மெச்சும்படி கற்றேன், நகரத்தில் ஓர் அரச அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனானேன். கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்கு அருகே வீடு கட்டினேன். அண்ணி மலையிலேயே இருந்தார். கூடைக் கயிறு தேய்த்துத் தேய்த்து அவருடைய உச்சந்தலையில் ஒரு விரல் அகலத்துக்கு முடி இல்லாமல் போயிருந்தது. அண்ணன் இறந்த பிறகும், ஓய்வு பெற்ற பிறகும்கூட, ஆள் குறைந்த நாட்களில் அவர் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தார்.

அலுவலகத்தில் என் வேலை சுத்தமானது. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, முறைப்பாடு எதுவானாலும் ஒரு சொல் விடமாட்டேன். மூலத்தில் ஓர் எழுத்து அழிந்திருந்தால் 'இவ்விடத்தில் அழிந்துள்ளது' என்று எழுதுவேன். கடைசியில், இது மூலத்துக்கு உண்மையான பெயர்ப்பு என்று உறுதி சொல்லிக் கையொப்பம் இடுவேன். முப்பத்திரண்டு வருடம் அப்படி இட்ட கை இது.

அலுவலகத்துக்கு வெளியே நான் வேறு ஆள். எங்கள் சனத்தில் ஒருவனுக்குச் சிங்களம் நன்றாகத் தெரிந்தால் அவன் எல்லோருக்கும் சொந்தம். காலை பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். பொலித்தீன் பையில் சுற்றிய கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் வந்து பேசிக் குடுங்க" என்பார்கள். லீவு போட்டுவிட்டு நானும் போவேன். அதில் எனக்கு ஒரு முறை இருந்தது. மலையில் இருப்பவர்கள் வலியை ஒரு கதையாகத்தான் சொல்வார்கள். எந்த மலையில் பறித்துக்கொண்டிருந்தபோது வந்தது, அன்றைக்கு மழையா, முதல் நாள் என்ன சாப்பிட்டார்கள், பக்கத்து நிரைக்காரி என்ன கைமருந்து சொன்னாள், எல்லாம் வரும். டாக்டருக்கு ஓர் ஆளுக்கு மூன்று நிமிடம். கதை முடியும்வரை தலையாட்டிவிட்டு அதை ஒரே வாக்கியமாக்கி நான் கொடுப்பேன். வயிற்று வலி, இரண்டு வாரம், சாப்பிட்டபின் கூடும். அவ்வளவுதான். டாக்டர்களுக்கு என்னைப் பிடிக்கும். "நீங்கள் வந்தால் எனக்கு வேலை சுலபம்" என்று ஒருவர் சொன்னதை வீட்டில் வந்து சொல்லியிருக்கிறேன். விட்டுப்போன சொற்களைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அங்கே நான் உறுதி சொல்லிக் கையொப்பம் இட வேண்டியதும் இருக்கவில்லை.

அண்ணி திங்கட்கிழமை பின்னேரமே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். முதுகு வலி இரண்டு மாதமாக இருந்தது. அவர் சொன்னால்தான் தெரியும், முகத்தில் தெரியாது. கதிரையில் உட்காரச் சொன்னோம். உட்கார்ந்தால் முதுகில் குத்துகிறது என்று சுவரைப் பிடித்து நின்றே தேத்தண்ணீர் குடித்தார்.

மறுநாள் காலை, என் மனைவி பாடசாலைக்குப் புறப்படும் அவசரத்தில் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள். அவள் ஆசிரியை. அந்த வாரம் பரீட்சை. லீவு எடுக்க முடியவில்லை.

"என்னங்க, அண்ணி எங்கிட்ட ஒண்ணு சொன்னாங்க. உங்ககிட்ட சொல்ல வெக்கப்படுறாங்க."

"என்ன?"

"கீழ எல்லாம் மரத்துப் போன மாதிரி இருக்காம். உக்காந்தா உக்காந்ததே தெரியலையாம். ஒண்ணுக்குப் போறதும் சரியில்லையாம், வர்றதும் தெரியலையாம், நிக்கிறதும் தெரியலையாம். இத மறக்காம டாக்டர்கிட்ட சொல்லிடுங்க."

"சரி, சரி."

"சரி சரின்னு போகாதீங்க. சொல்லணும்."

"சொல்றேன்னு சொன்னேனே!"

பஸ்ஸில் அண்ணி கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். நான் இடம் பிடித்துக் கொடுத்தும் உட்காரவில்லை. எப்படி வலிக்கிறது என்று நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். "ஊசி குத்துற மாதிரின்னு சொல்லுவாங்கல்ல தம்பி, அது இல்ல. எறும்புப் புத்த உள்ள வச்சுத் தச்ச மாதிரி. அது பாட்டுக்கு இடுப்புலருந்து எறங்கி எறங்கிப் போகுது, குதிங்கால் மட்டும். அங்க போனதும் ஒண்ணுமே இல்ல, செத்துப் போயிருது." நான் ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்தபடி, முதுகு வலி, காலுக்கு இறங்குகிறது என்று சிங்களத்தில் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லத் தேவையில்லை. குற்றம் ஆஸ்பத்திரியுடையதல்ல. ஓர் அறையில் இரண்டு மேசைகள், இரண்டு டாக்டர்கள், கதவு திறந்தபடி, கதவுவரை வரிசை. நாங்கள் உள்ளே போனபோது வரிசையிலிருந்து ஒருவர் "சேர்!" என்று கூப்பிட்டார். என்னிடம் வேலை பழகிய சிங்கள இளைஞர். நான் ஓய்வு பெற்ற பின் என் நாற்காலிக்கு வந்தவர். தன் தாயைக் கூட்டி வந்திருந்தார். "சேரின் அம்மாவா?" என்று கேட்டார். அண்ணியின் காலில் ரப்பர் செருப்பு, தலையில் அந்த வழுக்கைக் கோடு. "எங்கள் தோட்டப் பக்கம் தெரிந்தவர்" என்றேன். அண்ணி என்று சொல்லவில்லை. அன்றைக்கு முதலில் சொன்ன பொய் அதுதான். யாரும் அதைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள், நான் எடுக்கிறேன்.

டாக்டர் இளம் பெண். பொறுமையானவர். நான் என் வாக்கியத்தைச் சொன்னேன். அவர் அண்ணியின் காலைத் தூக்கிப் பார்த்தார், முழங்காலில் தட்டிப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "இதைச் சரியாகக் கேளுங்கள். சிறுநீர் போவதில் ஏதாவது மாற்றம் இருக்கிறதா? உட்காரும் இடத்தில் மரத்துப் போகிறதா?"

பதில் என்னிடம் இருந்தது. காலையில் குசினியில் வாங்கிய பதில். அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் என்ன கேட்கிறார் என்று நான் சொல்வேன் என்று. எனக்கு நான்கு அடி பின்னால் அந்த இளைஞர் நின்றிருந்தார். அவருக்கு முன்னால் என் வாயால் அந்தச் சொற்களைச் சொல்ல வேண்டும். பிறகு டாக்டர் எப்போதிருந்து, எவ்வளவு என்று கேட்பார், அதை அண்ணியிடம் தமிழில் நான் கேட்க வேண்டும். கொழுந்தன் அண்ணியிடம் கேட்கிற கேள்வியா இது என்று நினைத்ததாகப் பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்தேன். உண்மையில் அந்த நேரம் எனக்குள் இருந்தது வேறு. இந்தப் பெண் என் வீட்டு ஆள் என்று அந்த அறைக்குத் தெரிந்துவிடக் கூடாது. அவ்வளவுதான்.

"நே" என்றேன். இல்லை.

"கேட்டீர்களா?"

"காலையிலேயே கேட்டுவிட்டேன். அப்படி ஒன்றும் இல்லை."

டாக்டர் எழுதினார். வலிக்கு மாத்திரை, ஒரு மாதம் கழித்து எக்ஸ்ரேக்குத் துண்டு.

திரும்பும் பஸ்ஸில் அண்ணி கேட்டார். "டாக்டரம்மா கடைசியில என்னமோ கேட்டாங்களே தம்பி? என்னயப் பாத்துப் பாத்துக் கேட்டாங்க."

"ஒண்ணுமில்ல அண்ணி. மருந்த ஒழுங்காப் போடுவாங்களான்னு கேட்டாங்க."

"அதெல்லாம் போடுவேன். சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்லிட்டேன்."

பின்னேரம் மனைவியும் கேட்டாள். "சொன்னீங்களா அத?"

"சொன்னேன். அது வயசுக்கு வர்றதுதான்னு சொல்லிட்டாங்க."

மூன்றாம் வாரம் அண்ணி லயத்துப் பீலிக்கரையில் விழுந்தார். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தவர் அப்படியே உட்கார்ந்து போனாராம். எழுப்பியபோது இரண்டு கால்களும் துணி மாதிரிக் கிடந்தனவாம். அவருக்குப் பிந்திப் பிறந்த ஒரே மகள் பல்லேகலயில் தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அவள் வந்துதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நான் போய்ச் சேர்ந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். தமிழ் தெரிந்த ஒரு நேர்ஸ் உள்ளே போய், நான் கேட்காத அந்தக் கேள்வியை இரண்டு நிமிடத்தில் கேட்டுவிட்டு வந்தார். திரைக்கு வெளியே நின்ற எனக்கு அண்ணியின் குரல் கேட்டது. "ரெண்டு மாசமா இருக்கு மிஸ்."

பெரிய டாக்டர் பழைய கிளினிக் கொப்பியைப் புரட்டினார். இடுப்பில் ஒரு தட்டு பிதுங்கி நரம்புக் கற்றையை நசுக்கிவிட்டது, அன்றைக்கே தெரிந்திருந்தால் அன்றைக்கே வார்டில் போட்டு வெட்டியிருப்பார்கள், இப்போது வெட்டினாலும் எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். பிறகு கொப்பியில் ஓரிடத்தைத் தட்டிக் காட்டினார். "இல்லை என்று எழுதியிருக்கிறது. இந்தத் தோட்டத்துப் பெண்கள் இப்படித்தான். வெட்கப்பட்டு மறைத்துவிடுவார்கள். நாங்கள் என்ன செய்வது?"

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று இன்றுவரை தெரியவில்லை. என் பொய்யை அண்ணியின் தலையில் கட்டினார்கள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் மனைவியிடமோ பழியை அந்த இளம் டாக்டர் மேல் போட்டேன். சொல்லியும் கவனிக்கவில்லை என்று மனைவி அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டேயிருந்தாள். நான்கு வருடங்களுக்கு முன் அவள் இறந்துபோகும்வரை அந்தத் திட்டல் நிற்கவில்லை. அவளிடம் நான் சொல்லவேயில்லை. இனிச் சொல்லவும் முடியாது.

வெட்டினார்கள். வலி கொஞ்சம் குறைந்தது. கால்கள் திரும்பவில்லை. சட்டகத்தைப் பிடித்து இரண்டு நிமிடம் நிற்கலாம், அவ்வளவுதான். சிறுநீருக்கு நிரந்தரமாகக் குழாய். லயத்துக்குப் படிகள் ஏற வேண்டும் என்பதால் மகள் குண்டசாலைப் பக்கம் சமதரையில் ஒரு வீடு எடுத்துத் தாயைக் கூட்டிப் போனாள். அவளுக்குப் பேசி வைத்திருந்த கலியாணம் இரண்டு தடவை தள்ளிப்போய், பிறகு அந்தப் பேச்சே இல்லாமல் போனது.

மாதத்துக்கு ஒரு கிளினிக். எட்டு வருடம், ஒன்று விடாமல் நான்தான் கூட்டிப் போனேன். மகளுக்கு லீவு கிடைக்காது என்பது ஒரு சாட்டு. த்ரீவீலரில் ஏற்றி இறக்கி, சில்லுக் கதிரையைத் தள்ளி, டாக்டரிடம் பேசி, மருந்து எடுத்து வீட்டில் விட்டேன். இப்போது எதையும் சுருக்கவில்லை. அண்ணி எறும்பு என்றால் எறும்பு என்றே சொன்னேன். டாக்டர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும் என்று விட்டேன். "கொழுந்தனாருன்னா இப்படி இருக்கணும்" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டு அவர்கள் தந்த தேத்தண்ணீரையும் குடித்தேன். அந்த எட்டு வருடப் பணிவிடையைப் பரிகாரம் என்று நினைத்திருந்தேன். அது திரும்பவும் ஒரு மூடல்தான் என்று தெரிய எனக்கே ஒரு வலி வர வேண்டியிருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு அக்கி போட்டது. வலப் பக்கம் நெஞ்சிலிருந்து முதுகுவரை ஒரு பட்டையாகக் கொப்புளம். கொப்புளம் காய்ந்தது, எரிச்சல் போகவில்லை. நரம்பு பழுதாகிவிட்டது, வயதானவர்களுக்குச் சிலவேளை அப்படியே நின்றுவிடும் என்றார்கள். வெளிநாட்டிலிருக்கும் மகன் தொலைபேசியில் கேட்டான், "பரவால்லையா அப்பா?" பரவாயில்லை என்றேன். டாக்டர் ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொன்னார். ஐந்து என்றேன், ஏனென்று தெரியாது. மருந்துக் கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், எல்லோரும் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரு வாக்கியம் கொடுத்தேன். சட்டை போட முடியாமல், கதவைச் சாத்திக்கொண்டு, வெற்று மேலோடு வீட்டுக்குள் இருந்தேன்.

நான் கிளினிக்குக் கூட்டிப் போக வராத அந்த மாதம் அண்ணி மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். சில்லுக் கதிரை முன்கதவில் நுழையவில்லை. மகளும் த்ரீவீல்காரரும் அவரைத் தூக்கி வந்து உள்ளே ஒரு கதிரையில் வைத்தார்கள். நான் அவசரமாக ஒரு துவாயை எடுத்து மேலே போர்த்தினேன், போர்த்தியதும் அலறிவிட்டேன்.

"எடுங்க அத" என்றார் அண்ணி. "யாருக்கு மறைக்கிறீங்க? பன்னெண்டு வயசுல மூக்கு ஒழுகிட்டு நின்ன ஆளு நீங்க."

மகள் சிரித்துவிட்டுக் குசினிக்குள் போனாள்.

அண்ணி என்னை அருகே வந்து உட்காரச் சொல்லி, கண்ணைச் சுருக்கித் தழும்பைப் பார்த்தார். பிறகு கேட்கத் தொடங்கினார். "எங்க தொடங்குது? முதுகா, நெஞ்சா?"

"முதுகுல."

"எரியுதா, குத்துதா?"

"எரியுது. சிலநேரம் கரண்டு அடிச்ச மாதிரி."

"காத்துப் பட்டா?"

"காத்துப் பட்டாலும்தான்."

"அப்ப குளிக்கிறது எப்படி? தண்ணி பட்டா நல்லா இருக்கா, கூடுதா?"

"கூடுது."

"சோறு எறங்குதா? யாரு ஆக்குறா?" ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். ஒரு பதில் பிடிக்காவிட்டால் திரும்பக் கேட்டார். "பரவால்லன்னா என்னா தம்பி அர்த்தம்? வலிக்குதா, வலிக்கலையா?" அரை மணித்தியாலம் இருக்கும். அத்தனை காலத்தில் என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் வலி குறையும் என்றில்லை, குறையவில்லை. ஆனால் அந்த அரை மணித்தியாலம் வலியோடு நான் தனியாக இல்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்று எறும்புப் புற்று என்று சொன்னபோது அவர் என்ன கேட்டுக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

சொன்னேன். ஒன்றும் விடாமல். குசினியில் மனைவி சொன்னது, வரிசையில் நின்ற இளைஞர், தெரிந்தவர் என்று நான் சொன்னது, டாக்டர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், பெரிய டாக்டருக்குத் தலையாட்டியது. அலுவலகத்தில் ஓர் ஆவணத்தை வாசிப்பது போல வாசித்தேன். குசினி வாசலில் மகள் தேத்தண்ணீர்க் கோப்பைகளோடு நின்றுவிட்டாள்.

அண்ணி தன் முழங்கால்கள் மேல் சேலையை நீவிவிட்டார். பிறகு, "நீங்க கேட்டிருந்தாலும் நான் இல்லேன்னுதான் சொல்லியிருப்பேன் தம்பி. அத்தன பேரு முன்னாடி எப்படிச் சொல்றது?" என்றார்.

அது உண்மையா என்று தெரியாது. என் மனைவியிடம் அவர் சொன்னதே டாக்டருக்குப் போய்ச் சேரத்தான். எனக்கு அவர் ஒரு பொய்யைக் கொடுத்தார் என்றுதான் நினைக்கிறேன். என் வெற்று மேலைப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் துணி போர்த்த முடியாது என்று, துணிக்குப் பதிலாக அதைக் கொடுத்திருக்கலாம்.

மகள் கோப்பைகளை மேசையில் வைத்தாள். "சித்தப்பா, எனக்குச் சிங்களம் தெரியும்" என்றாள். "எங்க ஃபேக்டரி லைன்ல முழுக்கச் சிங்களப் பிள்ளைகதான். அன்னைக்கு என்னயக் கூட்டிட்டுப் போயிருந்தா நான் பேசியிருப்பேன்." அவள் சத்தம் போடவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்கு முப்பத்து மூன்று வயது என்பதும், அவளுக்குச் சிங்களம் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். அவளிடம் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

போகும்போது அண்ணி சொன்னார். "அடுத்த மாசத்துலருந்து நீங்க வர வேணாம் தம்பி. மக வருவா. அவளுக்கு லீவு குடுக்கிறாங்களாம்."

கோபமாகச் சொல்லவில்லை.

அதன் பிறகும் நான் செவ்வாய்க்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. தளர்ந்த சட்டையாகப் போட்டுக்கொண்டு, அந்த வரிசைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்தேன். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் வந்தால் பேசிக் கொடுக்கலாம், இந்த முறை எல்லாக் கேள்வியையும் கேட்கலாம் என்று நினைத்தேன். முதல் நாளே ஒரு கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க ஆஸ்பத்திரி ஆளா?"

"இல்லம்மா."

"அப்ப எலக்சன் ஏதும் வருதா?"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தால் நெஞ்சு இழுக்கிறது.

சிலருக்கு உதவியாக இருந்திருப்பேன். ஆனால் ஒரு நாள், முதுகு வலி என்று வந்த ஒரு பெண்ணிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். பத்து வருடம் பிந்திய கேள்வி. அவ்வளவு தெளிவாக, அவ்வளவு விவரமாக, வரிசையின் நடுவில் கேட்டேன். அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார். டாக்டரைப் பார்க்கவே இல்லை. பின்னால் எழுந்து போய்த் தேடினேன், பஸ் தரிப்பிடம்வரை. காணவில்லை. கேட்காமல் ஒருவரை முடமாக்கினேன், கேட்டு ஒருவரை விரட்டினேன். இப்போது அந்த மாதிரியான கேள்வி வந்தால், கூட வந்த பெண் யாராவது இருக்கிறாரா என்று பார்த்து, அவரிடம் தனியாகச் சொல்கிறேன். யாரும் இல்லையென்றால் தமிழ் தெரிந்த நேர்ஸைத் தேடிப் போகிறேன். இவ்வளவு எளிய வழி அன்றைக்கும் இருந்தது.

போன மாதம் அண்ணியின் கிளினிக் நாளும் நான் வாங்கில் இருந்த நாளும் ஒன்றாக அமைந்தது. மகள் மருந்துப் பக்கம் ஏதோ கேட்கப் போயிருந்தாள். அண்ணியின் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"வாசல் மட்டும் தள்ளுங்க தம்பி. உள்ள வேணாம்."

வாசல்வரை தள்ளினேன். மீதியை அவரே சில்லைப் பிடித்து உருட்டிக்கொண்டு போனார். மகள் ஓடி வந்து பின்னால் நுழைந்தாள். கதவு இப்போதும் திறந்தபடிதான். அண்ணி சிங்களத்தில் பேசுவது கேட்டது. எப்போது கற்றார் என்று தெரியாது. மகளிடமும் பக்கத்து வீட்டாரிடமும் பொறுக்கியிருக்க வேண்டும். "ரிதெனவா" என்றார். வலிக்கிறது. எங்கே, எப்போது, எப்படி என்று சொற்கள் முன்னும் பின்னுமாக விழுந்தன. சொல் கிடைக்காத இடத்தில் தமிழைப் போட்டார், எறும்பையும் போட்டார். மகள் இடையில் புகவில்லை. வரிசையில் நின்ற ஒருவர், "கிழவி இன்றைக்கு முடிக்காது" என்று சிங்களத்தில் முணுமுணுத்தார். "அது என் அண்ணி" என்றேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். அவர் கேட்டிருக்கத் தேவையில்லை.

சிறிது நேரத்தில் மகள் வெளியே வந்தாள். முகத்தில் எரிச்சலும் சிரிப்பும் கலந்திருந்தன.

"சித்தப்பா, அம்மா தன் கதைய முடிச்சிட்டு உங்க கதையத் தொடங்கிட்டாங்க. டாக்டர் உங்களத் தனியா நம்பர் எடுத்துட்டு வரச் சொல்றாரு. அம்மா விடுறாங்க இல்ல. கடைசியில அவரு ஒண்ணு கேக்கச் சொன்னாரு."

"என்ன?"

"அந்த எரிச்சல்ல உங்களுக்குத் தூங்க முடியுதான்னு."

பரவாயில்லை என்று சொல்லு என்று வாய்வரை வந்துவிட்டது. அவள் காத்துக்கொண்டு நின்றாள். உள்ளே, சில்லுக் கதிரையில், அண்ணி கழுத்தைத் திருப்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியலம்மா" என்றேன். "முடியலன்னு சொல்லு."

அவள் உள்ளே போனாள்.